வாக்கு எந்திரத்தை நம்பலாமா? பூத்தில் உட்கார்ந்தவன் பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீடு வேலந்தாவளத்தில், கேரளத்துப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப்புறம், கோவை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் அக்கா கலர் கலராக நாலு சீட்டு வாங்கி முத்திரை குத்துகிறார்; நீங்கள் மூன்று பட்டன் அழுத்திவிட்டு வருகிறீர்கள். "கையில ஒரு போன் இருந்தா உங்க மெஷினை மாத்திடலாம், எங்களுது பேப்பர், ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார் மச்சான். எந்திரத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கடைசி வரியில் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது: "நான் அழுத்தினது அவங்களுக்கே போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" எந்திரத்தில் தில்லுமுல்லு செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. செய்திருந்தால் வெளியே தெரியவருமா என்பது வேறு கேள்வி. நீங்கள் கேட்பது இரண்டாவதை. அதற்குத்தான் என்னாலும் கொஞ்சம் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாக்குச்சீட்டுக் காலத்தில் விரலுக்கு மை வைக்கிற வேலையில் தொடங்கி, 2021 சட்டமன்றத் தேர்தலில் பூத்துக்கே பொறுப்பான பிரிசைடிங் ஆபீசராக முடித்தேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. சிப்புக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். பூத்துக்குள் நடப்பது மட்டும் கைப்பழக்கம்.

முதலில் மச்சானின் போன். அது நடக்காது. வாக்கைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட், நீங்கள் பட்டன் அழுத்தும் பேலட் யூனிட், நடுவில் விவிபேட் என்கிற சீட்டு அச்சடிக்கும் பெட்டி, மூன்றையும் கேபிளால் கோக்கிறோம். வைஃபை, புளூடூத், சிம் எதுவும் கிடையாது. கரண்ட் கூட பேட்டரியில்தான். வெளியிலிருந்து போனில் கூப்பிட்டால் கேட்பதற்கு உள்ளே காது இல்லை. ஆனால் மச்சான் சொல்வதற்கு ஒரு வேர் உண்டு. 2010இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ரோப் கோங்கிரைப் ஆகியோர் ஒரு நிஜ எந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்து காட்டினார்கள். எண்களைக் காட்டும் டிஸ்ப்ளே பலகையைக் கழற்றிவிட்டு, அதே போலத் தெரியும் வேறொன்றைப் பொருத்தினார்கள்; அந்தப் புதுப் பலகையில் புளூடூத் இருந்தது, அதனால் போனிலிருந்து கட்டளை போனது. நினைவகச் சிப்பில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி வாக்குகளை மாற்றியும் காட்டினார்கள். அந்த எந்திரம் எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்ல மறுத்த ஹரி பிரசாத்தை எந்திரத் திருட்டு வழக்கில் கைது செய்தார்கள். அவர்கள் காட்டியது இதுதான்: யாராவது எந்திரத்தைத் தனியாக எடுத்துப் போய்த் திறக்க முடிந்தால் எதையும் செய்யலாம். அதுவும் விவிபேட் வருவதற்கு முந்தைய எந்திரம். இப்போதுள்ள எம்3 வகையைத் திறந்தாலே செயலிழந்துவிடும் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. 2017இல் ஆணையம் கட்சிகளைக் கூப்பிட்டு "செய்து காட்டுங்கள்" என்றது. வந்தவை இரண்டே கட்சிகள், அவர்களும் பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டார்கள். அதை வைத்து எந்திரம் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். திறந்து பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பூட்டுக்காரனைச் சவாலுக்குக் கூப்பிட்ட மாதிரிதான் அது.

எந்திரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பழைய வாதம் ஒன்று உண்டு, நல்ல வாதம். பெங்களூரு பெல், ஹைதராபாத் இசிஐஎல் என்ற இரண்டு அரசு நிறுவனங்களும் எந்திரத்தைச் செய்யும்போது எந்தத் தொகுதியில் எந்தக் கட்சிக்கு எத்தனையாவது பட்டன் என்று யாருக்கும் தெரியாது. வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகுதான் வரிசை தெரியும். எந்த எந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்த பூத்துக்கு என்பதையும் இரண்டு தடவை கலைத்துப் போடுகிறார்கள். அப்படியிருக்க "மூன்றாவது பட்டனுக்குப் போடு" என்று ஃபேக்டரியில் எழுதி வைத்து என்ன பிரயோஜனம்? பேலட் யூனிட், கண்ட்ரோல் யூனிட் வரைக்கும் இந்த வாதம் இன்றும் நிற்கிறது. விவிபேட் வந்த பிறகு அதில் ஒரு ஓட்டை விழுந்தது. சீட்டில் பெயரும் சின்னமும் அச்சாக வேண்டும் என்பதால், வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு ஒரு லேப்டாப்பிலிருந்து சிறு கருவி வழியாக அவற்றை விவிபேட்டில் ஏற்றுகிறார்கள். எந்தப் பட்டன் யாருடையது என்பது இப்போது ஒரு பெட்டிக்காவது தெரியும். இதை 2019இல் பகிரங்கமாக எழுப்பியவர்களில் ஒருவர் ஐஏஎஸ் வேலையை விட்ட மலையாளி கண்ணன் கோபிநாதன். தேர்தலை நடத்தியே பழக்கப்பட்ட அதிகாரி சொன்னதால் காதில் விழுந்தது. அப்படி யாராவது செய்தார்கள் என்பதற்கு இதுவரை ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே அந்தச் சின்னம் ஏற்றும் கருவிகளை சீல் வைத்து, முடிவு வந்த பிறகு 45 நாள் பத்திரப்படுத்தச் சொன்னது.

சரி, பூத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் தில்லுமுல்லை விடப் பல மடங்கு பக்கத்தில் இருப்பது மறதி. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாக் போல், அதாவது மாதிரி வாக்குப்பதிவு, தொடங்க வேண்டும். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் எதிரில் குறைந்தது 50 வாக்கு போட்டு, எண்ணிக்கை சரியா என்று காட்டி, குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூன்று பட்டனையும் வரிசையாக அழுத்தி அத்தனையையும் அழிக்க வேண்டும். விவிபேட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளைப் பொறுக்கி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். 2019இல் என் பூத்தில் வெளியே கூட்டம் அலைமோதுகிறது, ஒரு ஏஜெண்ட் லேட்டாக வந்து கையெழுத்துக்கு நிற்கிறார், செக்டர் ஆபீசர் போனில் கூப்பிடுகிறார். நான் சீட்டுகளை எண்ணிக் காட்டினேன், எழுதிக்கொண்டேன், உறையில் போட்டேன். சீல் வைக்க அரக்கை உருக்கும்போது ஆட்டோ ஓட்டுகிற ஒரு பையன், ஏஜெண்டாக உட்கார்ந்தவன், "மாஷே, டோட்டல் ஒருக்கா அமுத்திக் காட்டுங்க" என்றான். அமுத்தினேன். 54 என்று காட்டியது. குளோஸ், ரிசல்ட், கிளியர் மூன்றையும் அழுத்தவே இல்லை. அன்றைக்கு அந்தப் பையன் வாய் திறக்காமல் இருந்திருந்தால், என் பூத்தில் சீட்டுக்கும் எந்திரத்துக்கும் 54 வாக்கு இடிக்கும். அடுத்த நாள் பத்திரிகையில் வருவது மோசடி என்ற சொல்லாகத்தான் இருக்கும், கிழட்டு வாத்தியாரின் மறதி என்று யாரும் எழுத மாட்டார்கள். இதே தவறு இதே தேர்தலில் ஆந்திராவில் உண்மையாகவே நடந்தது. கடப்பா பக்கத்து மைதுகூர் தொகுதி, 63ஆம் எண் பூத். சீட்டும் எந்திரமும் ஒத்துப்போகவில்லை. விசாரித்தால் மாக் போல் வாக்குகளை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் சொன்ன தீர்ப்பிலேயே அந்த பூத்தின் எண்ணைப் போட்டு எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கும்போது, பட்டனை அழுத்தியதும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சின்னமும் பெயரும் வரிசை எண்ணும் அச்சான சீட்டு ஏழு வினாடி தெரியும். அப்புறம் அறுந்து பெட்டிக்குள் விழும். எங்கள் பூத்தில் ஒரு பாட்டி வாக்குப்போட்டுவிட்டு நகராமல் நின்றார். "ஏனுங்க சார், சீட்டு வந்துச்சு, ஆனா கீள விளுந்துருச்சுங்க, எங்கையில குடுக்கலீங்களே." பஸ் டிக்கெட் மாதிரி எடுத்துப்போகலாம் என்று நினைத்துவிட்டார். கையில் கொடுத்தால் அதைக் காட்டிக் காசு வாங்குகிறவன் வெளியே நிற்பான் பாட்டி, அதனால் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆக, அழுத்தினது யாருக்குப் போச்சு என்று ஏழு வினாடிக்கு உங்கள் கண்ணே சாட்சி. வேறு சின்னம் வந்தால்? பிரிசைடிங் ஆபீசரிடம் சொல்லலாம், விதி 49எம்ஏ. எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஏஜெண்டுகள் முன்னால் சோதனை வாக்கு ஒன்று போடச் சொல்வோம். அது சரியாக வந்துவிட்டால் பொய்ப் புகார் என்று ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ வரலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் வேண்டும். அந்த எச்சரிக்கையைப் படித்துக் காட்டினால் பாதிப் பேர் "விடுங்க சார்" என்று போய்விடுவார்கள் என்பதுதான் என் கணிப்பு. இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவை தப்பி மறு தடவை சரியாக வரும் கோளாறு உலகத்தில் எத்தனை உண்டு, என் வீட்டு மிக்சியே சாட்சி.

அந்தச் சீட்டைப் பார்த்தது நீங்கள். உள்ளே பதிவானது கண்ட்ரோல் யூனிட்டில். இரண்டும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டுமானால் சீட்டுகளை எண்ண வேண்டும். எண்ணுவது எத்தனை? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத். முன்னால் ஒன்றுதான் இருந்தது. 2019இல் சந்திரபாபு நாயுடு தலைமையில் 21 கட்சிகள் பாதி பூத்துகளை எண்ணச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக்கியது. எந்த ஐந்து என்பதை எண்ணும் இடத்தில் எல்லார் முன்னாலும் சீட்டு எழுதிக் குலுக்கி எடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கு வாத்தியார் புத்தி போகாது, ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு தொகுதியில் 200 பூத் என்று வையுங்கள். நாலு பூத்தில் மட்டும் யாரோ கை வைத்துவிட்டார்கள். ஐந்து பூத் குலுக்கலில் எடுத்தால் அந்த நாலில் ஒன்றாவது மாட்ட வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். இருபது பூத்தில் கை வைத்திருந்தால் கூட நாற்பத்தொன்று. ஆனால் இதே மாதிரி ஒரு மாநிலம் முழுக்கச் செய்தால்? கேரளத்தில் 140 தொகுதி, அப்படியானால் 700 பூத் எண்ணப்படுகிறது. மாட்டாமல் தப்பவே முடியாது. தேர்தல் ஆணையம் கேட்டதற்கு இந்தியப் புள்ளியியல் கழகத்தார் நாடு முழுக்க 479 எந்திரத்தை எண்ணினால் போதும் என்று சொன்னார்கள். இரண்டு சதவீத எந்திரங்களில் கோளாறு என்று வைத்து நானும் போட்டுப் பார்த்தேன், அவர்கள் கணக்கு சரி. ஆனால் அது நாடு மொத்தத்தையும் ஒரே குவியலாக எடுத்துப் போட்ட கணக்கு. நூறு, இருநூறு வாக்கில் தோற்ற ஒரு வேட்பாளருக்கு நாட்டுக் கணக்கு எதற்கு? அவருக்குத் தன் தொகுதிக் கணக்குதான் வேண்டும். பெரிய மோசடிக்கு ஐந்து பூத் தாராளம், சின்ன வித்தியாசத்துக்கு ஐந்து பூத் பற்றாது. சண்டை போடும் இரண்டு தரப்பும் இதில் பாதியைத்தான் சொல்கிறது. இப்போது இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் மனு கொடுத்துப் பணம் கட்டினால் ஐந்து சதவீத எந்திரங்களைச் சோதிக்கலாம் என்று 2024 தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. அதைவிட, வித்தியாசம் குறைவாக உள்ள தொகுதியில் எல்லாச் சீட்டையும் தானாகவே எண்ணிவிட வேண்டும் என்று விதி போட்டால் பாதிச் சண்டை அடங்கும் என்பது என் எண்ணம். ஒரு நாள் கூடுதலாக ஆகட்டுமே.

சின்ன வித்தியாசம் என்றதும் நம்ம கேரளத்துக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. இந்தியாவிலேயே எந்திரத்தில் முதல் வாக்கு விழுந்தது எர்ணாகுளம் பக்கம் பரவூரில், 1982 மே மாதம், 50 பூத்தில். எந்திரம் வேண்டாம் என்று முன்னாலேயே கோர்ட்டுக்குப் போன சிவன் பிள்ளை 123 வாக்கில் ஜெயித்தார். ஜெயித்தவர் சும்மா இருந்துவிட்டார், தோற்ற ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். சட்டத்தில் எந்திரம் என்ற வார்த்தையே இல்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த 50 பூத்திலும் சீட்டில் மறு வாக்குப்பதிவு வைத்தது. ஜோஸ் ஜெயித்தார். எந்திரம் தப்பாக எண்ணியது என்று அந்த வழக்கில் தீர்ப்பாகவில்லை, சட்டம்தான் இல்லை. 1988இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒன்று: தோற்றவர் எந்திரத்தைத் திட்டுவார், ஜெயித்தவர் மறந்துவிடுவார். அடுத்த தேர்தலில் கட்சிகள் இடம் மாறிக்கொள்ளும்.

மச்சானின் பேப்பரையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படிக்காத ஆள் கூட எண்ணும் மேசையில் நின்று பார்த்தால் புரியும். ஜெர்மனியில் 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் எந்திரத்தைத் தள்ளியதும் இந்தக் காரணத்துக்குத்தான்: தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண ஆளுக்கும் சரிபார்க்க முடிய வேண்டும். ஆனால் நான் சீட்டு எண்ணியவன். இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் விழுந்த முத்திரை, மடித்ததில் மை ஒட்டி எதிர்ப்பக்கமும் பதிந்த சீட்டு, கைநாட்டு வைத்த சீட்டு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் சண்டை. பூத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு கட்டுச் சீட்டையும் பத்து நிமிடத்தில் குத்திப் போட்டுவிடலாம். எந்திரம் ஒவ்வொரு வாக்குக்கும் நேரம் எடுக்கும், ஆபீசர் குளோஸை அழுத்திவிட்டால் அதற்கு மேல் ஒரு வாக்கு விழாது. 2020 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கிய தமிழ்நாட்டு உள்ளாட்சி எண்ணிக்கை மறுநாளும் இழுத்தது அக்காவுக்கு ஞாபகம் இருக்கும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றபோது வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. இன்றைய எந்திரத்துக்கு நோட்டாவையும் சேர்த்து 384தான் உச்ச வரம்பு. அப்படி ஒரு கூத்து திரும்ப நடந்தால் எந்திரமே கையை விரித்துவிடும், பேப்பர்தான் கதி.

இனி உங்களுக்குப் பிடிக்காத பதில். நீங்கள் பஞ்சாயத்துக்கு அழுத்திய மூன்று பட்டன் பற்றி. கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளை லேபிள், பிளாக்குக்குப் பிங்க், ஜில்லாவுக்கு இளநீலம் ஒட்டிய மூன்று பேலட் யூனிட். இது டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையத்தின் எந்திரம் அல்ல, மாநிலத் தேர்தல் ஆணையத்தினுடையது. இதில் விவிபேட் கிடையாது. லைட் எரிந்தது, பீப் அடித்தது, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரிந்தது. அழுத்தினது அவர்களுக்கே போச்சா என்று சொந்தக் கண்ணால் பார்க்க வழியில்லை. பிறகு எண்ணிப் பார்க்கக் காகிதமும் இல்லை. காலையில் ஏஜெண்டுகள் எதிரில் நடந்த மாக் போலை நம்ப வேண்டியதுதான். நாடாளுமன்றத் தேர்தலில் லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கும் இடத்துக்குச் சீட்டு இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள வார்டில், ஐந்து பத்து வாக்கில் முடிவாகும் இடத்துக்கு இல்லை. காசு அதிகம், மூன்று யூனிட்டுக்கும் சீட்டு வைப்பது சிரமம் என்பார்கள், இருக்கலாம். ஆனால் டிவியில் டெல்லி எந்திரத்தைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த மட்டில் உங்கள் மச்சான் சொன்னது சரி, காரணம்தான் தப்பு.

கடைசியாக ஒரு காகிதத்தைச் சொல்லிவிடுகிறேன், அதற்கு மின்சாரம் வேண்டாம். வாக்குப்பதிவு முடிந்ததும் பிரிசைடிங் ஆபீசர் படிவம் 17சி எழுதுவார். எந்திரத்தின் எண், பதிவான மொத்த வாக்கு, சீல்களின் எண், எல்லாம் அதில் இருக்கும். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் கையெழுத்திட்ட நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் எந்திரம் மேசைக்கு வந்ததும் அந்த எண்ணையும் மொத்தத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். எந்திரங்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூமில் எந்திரமே மாறியிருந்தால் அங்கே மாட்டும். என் சர்வீஸில் பார்த்தது, காலையில் ஆறு ஏழு ஏஜெண்டு உட்காருவார்கள். மாலை ஐந்தரைக்கு இரண்டு பேர் டீக்குப் போயிருப்பார்கள், இரண்டு பேர் அடுத்த பூத்துத் தகராறுக்கு. ஆறு மணிக்கு மேல் நான் 17சி நகலை நீட்டினால் வாங்க ஒரு ஆள், சில தடவை அதுவும் இல்லை. 2021இல் எங்கள் பூத்தில் அதைக் கேட்டு வாங்கிப் போனது ஒருவர் மட்டும். வாங்கியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மாஷே, இந்த நம்பரை எண்ணுற இடத்துல காட்டினா போதுமில்ல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பைக்கைக் கிளப்பினார்.